ரெஜிலா கேட்ட சனிக்கிழமை

ஜெயசிங் உட்கார்ந்து சபையில் யாரும் பார்த்ததில்லை. பாட்டுப் புத்தகம் கொடுப்பது அவர், மின்விசிறி போடுவது அவர். பிரசங்கத்தின் நடுவில் ஒலிபெருக்கி கரகரத்தால், போதகருக்கு முன்னால் குனிந்து ஓடி ஒயரைத் தட்டிவிட்டு வருவதும் அவரே. கல்யாண வீட்டில் பந்தியைப் பார்ப்பார், சாவு வீட்டில் நாற்காலியைப் பார்ப்பார். வடசேரியில் அவருக்கு ஒரு பெயிண்ட் கடை. அங்கேயும் நின்றபடிதான் வியாபாரம். முதலாளி நாற்காலியில் கலர் கார்டுகள்தான் உட்கார்ந்திருக்கும். ஆண்டவர் இரண்டாம் முறை மேகத்தில் வந்து இறங்கினால்கூட, 'கொஞ்சம் இங்கோட்டு ஒதுங்கி நில்லும் ஆண்டவரே, பின்னால வண்டி வருது' என்று அவரையும் ஒழுங்குபடுத்திவிடுவார் என்று ஊரில் பேச்சு. பதினெட்டு வருடமாக அவர்தான் சபைச் செயலாளர். வேறு யாரும் போட்டியிடவில்லை என்பதல்ல காரணம். போட்டியிட்டவர்களுக்கு வேட்புமனு வாங்கிக் கொடுத்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டியதும் அவர்தான். அதன்பிறகு அவர்களுக்கே கூச்சமாகிப் போகும்.

அப்படிப்பட்டவரிடம் அவர் மனைவி ரெஜிலா ஒரு சனிக்கிழமையைக் கேட்டாள்.

ரெஜிலாவுக்கு இடது மார்பில் ஒரு கட்டி. நெய்யூர் ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா, எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிய பிறகுதான் எதையும் சொல்ல முடியும் என்று சொல்லி, இரண்டு வாரம் தள்ளி ஒரு திங்கட்கிழமையை ஆபரேஷனுக்குக் குறித்துக் கொடுத்தார். வெளியே வந்ததும் ரெஜிலா புருஷனிடம் போட்ட முதல் நிபந்தனை, யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்பது. மஸ்கட்டில் இருக்கும் மகளிடம்கூட முடிந்த பிறகுதான். அவளுக்கு வியாதியைவிட ஜெபக் குறிப்பைக் கண்டால் பயம். சபையில் ஜெபக் குறிப்பு என்பது மைக்கில் வாசிக்கப்படுவது. மைக் என்பது கோபுரத்து மேல் நான்கு திசையும் பார்த்து நிற்கும் குழாய்களோடு இணைக்கப்பட்டது. போன வருடம் ஒருவருடைய மூலவியாதி மூன்று கிராமத்துக்குத் தெரிந்துபோனது அப்படித்தான்.

வீட்டுக்கு வந்து, மீன் கழுவிக்கொண்டே அவள் கேட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின சனிக்கிழமை நீங்க எனக்குத் தரணும். முட்டத்துல கடல் பக்கம் ஒரு தியான வீடு உண்டுல்லா, அங்கோட்டுப் போவோம். நீங்களும் நானும். ஒரு மூணு மணிக்கூறு சும்மா இருக்கணும். ஜெபிக்க முடிஞ்சா ஜெபிப்போம். இல்லேன்னா இருப்போம்."

"அதுக்கென்ன, இப்பமே வண்டிக்குச் சொல்லிருகேன்" என்று அவர் செல்போனை எடுத்தார்.

"வண்டி வேண்டாம். பஸ்ஸுல போலாம். நீங்க ஏற்பாடு செய்யாத ஒரு காரியம் எனக்கு வேணும்."

ஜெயசிங் செல்போனைப் பைக்குள் வைத்தார். அது பெரிய காரியம். சத்தியமாகவே அவர் அந்தச் சனிக்கிழமையை அவளுக்குக் கொடுக்கத்தான் நினைத்தார். அவருக்கும் உள்ளே ஏதோ ஒன்று அன்றிலிருந்து சரியாக இல்லை. கடையில் வெள்ளை கேட்டவனுக்கு க்ரீமைக் கலந்து கொடுத்தார். ராத்திரி அவள் தூங்கிவிட்டாளா என்று பார்த்துவிட்டுப் படுத்தால், தூக்கத்துக்குப் பதிலாக வேலைகள் வந்தன. சபை மோட்டாருக்கு வாஷர் மாற்ற வேண்டும். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிசு வாங்க வேண்டும். வேலையை நினைத்தால் மார்புக்குள் அடித்துக்கொள்வது கொஞ்சம் அடங்கியது. அதனால் அவர் வேலையையே நினைத்துக்கொண்டார்.

கோளாறு புதன்கிழமை கமிட்டியில் வந்தது. சபை மதில் அளக்க அடுத்த வாரம் சனிக்கிழமை இன்ஜினியர் வருகிறார், செயலாளர் கூட நிற்க வேண்டும் என்றார்கள். ஜெயசிங், அன்றைக்குத் தனக்கு வசதிப்படாது என்றார்.

திருவிருந்து வேளையில்கூட ஆலயத்தில் அப்படியொரு மவுனம் விழுந்ததில்லை. சாயாவோடு வந்த ஏத்தன்பழ அப்பத்தைக் கடித்த வாய்கள் பாதியில் நின்றன. பதினெட்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து வராத சொல் அது. பொருளாளர் மத்தியாஸ், ரப்பர் ஷீட் வியாபாரி, யாரையும் மூன்று கேள்வியில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிடுகிறவர், மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். எங்கே போகிறீர் என்றார். முட்டத்துக்கு என்றார் இவர். எதற்கு என்றார். தியானத்துக்கு என்றார். ஆரெல்லாம் என்றார். நானும் ரெஜிலாவும் என்றார்.

மத்தியாஸ் நாற்காலியை நெருக்கிப் போட்டு உட்கார்ந்தார்.

"வே, மனசத் தொறந்து சொல்லும். நீரு வேற எங்கயாம் போவ ஆரம்பிச்சிட்டீரா?"

'வேற எங்கயாம்' என்றால் அந்தப் பக்கத்தில் வேறு பெண்ணும் இல்லை, வேறு கட்சியும் இல்லை. வயலோரத்துத் தகரக் கொட்டகையில் டிரம்ஸ் அடித்துக் கைதட்டிப் பாடுகிற சபை. பழைய துணைச் செயலாளர் இப்படித்தான் தொடங்கினார். தனியாக ஜெபிக்கப் போகிறேன் என்றார், கொஞ்ச நாள் ஓரமாக நடந்தார், அப்புறம் ஒரு நாள் ஞானஸ்நானத் தொட்டியில் முங்கி எழுந்து ஈரத் தலையோடு நிற்கும் போட்டோ எல்லோருடைய செல்போனுக்கும் வந்தது. அன்றிலிருந்து தனியாக ஜெபிக்கிற ஆளைக் கண்டால் கமிட்டிக்குச் சந்தேகம். ஜெபம் என்றால் கூட்டமாக, அறிவித்துவிட்டு, முடிவில் சாயாவோடு நடக்க வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் தனியாக, அதுவும் சொல்லாமல் போய்க் கடவுளைப் பார்ப்பதென்றால், விஷயம் அவ்வளவு சுத்தமாக இருக்க முடியாது.

ஜெயசிங் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமையே கோபுரத்துக் குழாய் நான்கும் பேசும். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போயிருக்கலாம். அதற்கு வேறு மாதிரி ஆளாகப் பிறந்திருக்க வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் காது சுட்டது. வாய் தானாகத் திறந்தது.

"அய்யோ, அப்படியில்லவே. நம்ம சபைக்குத்தான் இடம் பாக்கப் போறேன். சபையா ஒரு நாளு மவுன தியானத்துக்குப் போனா நல்லா இருக்குமேன்னு ஒரு ஆசை."

போதகர் டெனிஷ் நிமிர்ந்தார். சபைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத இளைஞர். மதில், மோட்டார், கல்லறைத் தோட்டத்துப் பூட்டு என்றே வருடத்தைக் கழித்தவர். இந்தக் கமிட்டியில் மவுனம் என்ற சொல்லைக் கேட்போம் என்று அவர் நினைத்திருக்கவில்லை. கண் கலங்கிப்போய், இது கர்த்தர் செயலாளருக்குக் கொடுத்த ஏவுதல் என்றார். அதே சனிக்கிழமை போவோம் என்றார். ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் அப்பத்தைத் தூக்கி வழிமொழிந்தார். போக்குவரத்துக்கு ஒரு உபகுழு, உணவுக்கு ஒரு உபகுழு, ஒலி அமைப்புக்கு ஒன்று. மவுன தியானத்துக்கு எதற்கு ஒலி அமைப்பு என்று யாரும் கேட்கவில்லை. எல்லாக் குழுவுக்கும் அமைப்பாளர் ஜெயசிங் என்று முடித்தார்கள்.

வீட்டில் சொல்ல வேண்டும் என்று அவர் நினைக்காமலில்லை. அன்று ராத்திரி நினைத்தார். ரெஜிலா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை நினைத்தார், வேன்காரன் கூப்பிட்டுவிட்டான். வெள்ளிக்கிழமை நினைத்தார்; பிரியாணி மாஸ்டர் வாசலிலேயே வந்து நின்றான். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை போதகரே மைக்கில் சொல்லிவிட்டார். செயலாளர் ஜெயசிங் அவர்களின் உள்ளத்தில் கர்த்தர் உணர்த்தியபடி, வருகிற சனிக்கிழமை சபையார் அனைவரும் முட்டத்துக்கு. பெண்கள் பகுதியில் நான்காவது வரிசையில் ரெஜிலா இருந்தாள். ஜெயசிங் தலைக்கு மேல் சுற்றுகிற மின்விசிறியை, அது கழன்று விழுந்து தன்னைக் காப்பாற்றாதா என்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மத்தியானம் அவள் வழக்கம்போல சோறு போட்டு, மீன்குழம்பை ஊற்றினாள். அவர் இரண்டு உருண்டை விழுங்கினார். தொண்டையைச் செருமினார்.

"கோழியா, ஆடா?" என்றாள் ரெஜிலா.

"எது?"

"பிரியாணி."

"கோழி."

"ம்."

கமிட்டியில் நடந்ததை அவர் விளக்கினார். மத்தியாஸ் கேட்ட கேள்வியைச் சொன்னார். அங்கே போனாலும் நாம் இரண்டு பேரும் தனியாக ஒரு ஓரத்தில் இருந்துகொள்ளலாம், நான் எல்லாவற்றையும் காலையிலேயே முடித்துவிடுவேன் என்றார். அவள் ஒரு கரண்டி சோறு கூடப் போட்டாள். வாய் நிறைந்திருந்தால் பேச மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை வந்தது. வேன்கள் நிறைந்து, அதற்கு மேலும் ஆட்கள் பைக்கில் வந்தார்கள். தியான வீட்டு வாசலில் ஜெப்சன் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தான். சபை வாலிபர் சங்கத்தில் ஃப்ளெக்ஸும் மைக்கும் அவன் பொறுப்பு. 'மவுன தியான நாள்' என்று நெருப்புப் பிடித்த எழுத்தில் போட்டு, ஒரு மூலையில் ஆண்டவரையும், இன்னொரு மூலையில் கைகூப்பிய ஜெயசிங்கையும் வைத்திருந்தான். ஆண்டவர் கொஞ்சம் சின்னதாக இருந்தார். கேட்டதற்கு, அவருடைய படம் நெட்டில் அந்த சைஸில்தான் நல்ல தெளிவாகக் கிடைத்தது என்றான்.

தொடக்க ஜெபம், வரவேற்புரை, போதகருக்குப் பொன்னாடை, தியான வீட்டுப் பொறுப்பாளருக்குப் பொன்னாடை, மதில் இன்ஜினியரும் குடும்பத்தோடு வந்திருந்ததால் அவருக்கும் ஒன்று. அமைதியின் மேன்மை பற்றி மத்தியாஸ் பேச ஆரம்பித்து வெகுநேரம் பேசினார். ஜெயசிங் மேடைக்கும் அடுப்புக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை கடக்கும்போதும் ரெஜிலா இருக்கும் பக்கம் பார்த்து, இதோ, இப்ப வந்துருவேன் என்று கையைக் காட்டினார். நாலைந்து முறை காட்டிய பிறகு அவள் அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

கடைசியில் போதகர் டெனிஷ் மைக்கைக் கிட்டத்தட்டப் பிடுங்கினார். முற்பகல் முழுக்க என்று அவர் போட்டிருந்த மவுனம், சாப்பாட்டுக்கு முந்தைய ஒரு மணி நேரமாகச் சுருங்கியிருந்தது. அந்த ஒரு மணியையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று குரல் நடுங்க விதிகளைச் சொன்னார். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போய் உட்கார வேண்டும். மணி அடிக்கும்வரை யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. மணி அடிக்கும் பொறுப்பு செயலாளருக்கு. தியான வீட்டின் வெண்கலக் கைமணியை எடுத்து ஜெயசிங்கிடம் கொடுத்தார்.

சபை கலைந்தது. ஆச்சரியம்தான், எல்லோரும் வாயை மூடினார்கள். சிலர் வராந்தாவிலும், சிலர் புன்னை மரத்தடியிலும், சிலர் செம்மண் மேட்டிலும் போய் உட்கார்ந்தார்கள். மத்தியாஸ் ஒரு மரத்தடியில் சாய்ந்து, வேதப் புத்தகத்தை மார்பில் வைத்து, ஆழ்ந்த தியானத்தில் குறட்டை விட்டார். கடல் சத்தம் முதல்முறையாகக் கேட்டது.

ஜெயசிங்குக்குத்தான் உட்கார முடியவில்லை. மணியின் நாக்கு ஆடாமல் விரலால் பிடித்துக்கொண்டு, பூனை மாதிரி சுற்றி வந்தார். பிரியாணி மாஸ்டர் தூரத்திலிருந்து கையை மூடித் திறந்து, தம் போடவா என்று கேட்டான். இவர் உள்ளங்கையைக் காட்டி, பொறு என்றார். அவன் வெங்காயம் வெட்டுகிற பாவனை செய்தான். இவர் இரண்டு கையையும் அகலமாக விரித்து, தயிர்ப்பச்சடி நிறைய வேண்டும் என்றார். ஒரு பெண்மணி அதை ஆசீர்வாதம் என்று நினைத்துத் தலை குனிந்தாள். ஜெனரேட்டரைப் பார்த்தார். வேன்கள் நிழலில் நிற்கின்றனவா என்று பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அப்போது அந்த அடிப்பு மார்புக்குள் மறுபடியும் தொடங்கியது. பொழுது இப்படிப் போனால் ஞாயிறு வரும். ஞாயிறு போனால் திங்கள். அவர் இன்னொரு தடவை ஜெனரேட்டரைப் பார்க்கப் போனார்.

ரெஜிலாவை எங்கும் காணோம். வராந்தாவில் இல்லை, மரத்தடியில் இல்லை. பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டாளோ என்று ஒரு கணம் நினைத்தார்; போயிருந்தால் அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை என்றும் தோன்றியது. மதிலோரமாக வந்து கீழே எட்டிப் பார்த்தார்.

பாறையில் இருந்தாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சேலையை இழுத்து முழங்காலைச் சுற்றிச் செருகி, கடலைப் பார்த்து இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் பாறை மேல் ஒரு துண்டு விரித்திருந்தது. அவருடைய துண்டு. காற்றில் பறக்காமலிருக்க நான்கு மூலையிலும் சின்னச் சின்னக் கல் வைத்திருந்தாள். வடசேரி ஸ்டாண்டில் பஸ் திரும்பி நிற்கும் முன்னால் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பார்களே, அதைப் போல இடம் பிடித்து வைத்திருந்தாள். அவ்வளவு பெரிய பாறை. கேட்க ஆளில்லாத இடம். அதற்கும் ஒரு துண்டு.

ஜெயசிங் படியிறங்கினார். சறுக்கும் இடத்தில் ஒரு கையால் பாறையையும் ஒரு கையால் மணியையும் பிடித்துக்கொண்டு போய், துண்டின் மேல் உட்கார்ந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து மட்டும் கொடுத்தாள்.

உட்கார்ந்துவிட்டாரே தவிர, அவருக்குள் யாரும் உட்காரவில்லை. வாழையிலை கழுவியாகிவிட்டதா. குடிவெள்ளம் கேன் போதுமா. நன்றியுரையில் இன்ஜினியர் பெயரை விட்டுவிடக் கூடாது. ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினார். சபையில் அவர் ஜெபம் பிரசித்தம். முடிப்பதற்குள் கைப்பிள்ளைகள் தூங்கி எழுந்துவிடும். இப்போது 'எங்கள் பரம தகப்பனே' என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. தகப்பனை அழைத்துவிட்டு, என்ன வேண்டும் என்று சொல்லாமல் வாசலில் நிறுத்திவைத்த மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்தார். தூரத்தில் ஒரு வள்ளம் அலையில் ஏறி இறங்கியது.

"பயமாட்டு இருக்கு" என்றாள் ரெஜிலா.

விதிப்படி பேசக் கூடாது. அவர் விதியைப் பற்றி நினைக்கவில்லை. 'கர்த்தர் பாத்துக்கிடுவாரு' என்ற பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எத்தனை வீட்டில், எத்தனை கட்டில் பக்கத்தில் நின்று சொல்லியிருக்கிறார். பொய்யில்லை அது. ஆனால் ஒவ்வொரு தடவையும் சொல்லி முடித்த கையோடு, 'சரி, அப்ப நான் வாறேன்' என்று கிளம்பியிருக்கிறார். சொல்லிவிட்டுக் கிளம்புவதற்கு வசதியான சொல். இப்போது சொன்னால் எங்கே கிளம்பிப் போவது என்று தெரியவில்லை.

"எனக்கும்" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். இந்த இரண்டு வாரத்தில் முதல்தடவை.

"நீங்க இஞ்ச காலையிலேருந்து ஓடுனது இந்தப் பயத்துக்கா?"

"அதுக்காக்கும்."

"நான் உங்களுக்குப் பயமே இல்லையாக்கும்னு நெனச்சேன்."

கடல் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. அவள் முழங்காலில் கை வைத்துக்கொண்டு, மெதுவாக, யாருக்கோ கணக்கு ஒப்பிக்கிற மாதிரி பேசினாள். மகள் பிறந்த அன்று சபையில் அறுப்பின் பண்டிகை ஏலம். வலி தொடங்கியதும் அவளைக் கொண்டுவிட்டு, பலாக்காயை ஏலம் விடப் போனவர், பிள்ளையைக் குளிப்பாட்டித் தொட்டிலில் போட்ட பிறகுதான் வந்தார். அவளுடைய அம்மை செத்த அன்று அவள் அழுதது பந்தல்காரனிடம் பேசிக்கொண்டிருந்த அவருடைய முதுகைப் பார்த்துத்தான். குறையாகச் சொல்லவில்லை என்றாள். பந்தல் நன்றாகத்தான் இருந்தது, நாற்காலிக்கு ஒரு ஆளும் குறை சொல்லவில்லை.

"திங்கக்கிழம என்னய உள்ள கொண்டு போனதும் நீங்க என்ன செய்வியன்னு எனக்குத் தெரியும். ரெத்தம் குடுக்கதுக்கு ஆளு சேப்பிய. பக்கத்துக் கட்டில்காரனுக்குச் சாயா வாங்கப் போவிய. அந்த ஆஸ்பத்திரியில வண்டி நிறுத்துகது சரியில்லன்னு வாச்மேனுக்கு வழி சொல்லிக் குடுப்பிய." அவள் துண்டின் மூலையில் நகர்ந்திருந்த கல்லைச் சரியாக வைத்தாள். "நான் கண்ணு தொறக்கும்போ நீங்க கட்டில் பக்கத்துல இருக்கணும். அதுவர எங்கயும் போவக் கூடாது. ஒண்ணும் செய்யாண்டாம். சும்மா இருந்தா போதும். உங்களால முடியுமான்னு எனக்குத் தெரியல்ல. அதான் ஒத்திகை பாக்கலாம்னு இஞ்ச வரச் சொன்னேன்."

ஜெயசிங் குனிந்து தன் கையைப் பார்த்தார். பதினெட்டு வருடத்தில் எத்தனையோ ஒத்திகை ஏற்பாடு செய்திருக்கிறார். கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு, பாடகர் குழுவுக்கு, பிஷப் வந்தபோது பூங்கொத்து கொடுத்த பிள்ளைகளுக்கு. தனக்கு ஒன்று வைத்திருந்தது தெரியாமல், அதற்கும் பொன்னாடை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

மேலே மதிலோரம் ஒரு தலை எட்டிப் பார்த்தது. மத்தியாஸ். விழித்துவிட்டார். மணி இன்னும் அடிக்கவில்லை என்பதால் வாய் திறக்க முடியாமல், கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினார். அப்புறம் வயிற்றைக் காட்டினார். அப்புறம் பின்னால் இருந்த மொத்தச் சபையையும் கையால் வளைத்துக் காட்டி, மறுபடி அவர்கள் வயிற்றையும் காட்டினார். ஜெயசிங் அசையவில்லை என்று கண்டதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாறையில் இறங்கி வந்தார். முகத்தில் ஆயிரம் கேள்வி. ஒன்றைக்கூடக் கேட்க வழியில்லை. அப்படியொரு மத்தியாஸை ஊர் பார்த்ததில்லை.

ஜெயசிங் மணியை அவரிடம் நீட்டினார்.

மத்தியாஸ் மணியைப் பார்த்தார், ஜெயசிங்கைப் பார்த்தார், ரெஜிலாவின் நனைந்த கண்ணைப் பார்த்தார். பதினெட்டு வருடத்தில் இந்த மனிதர் கையிலிருந்து ஒரு நாற்காலியைக்கூட இன்னொருவர் வாங்கியதில்லை. குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, ஓசைப்படாமல் மேலே ஏறிப் போனார். போன பிறகுதான் அடித்தார்.

அணை உடைந்த மாதிரி சத்தம் வந்தது. ஒரு மணி நேரமாகச் சேர்த்துவைத்த பேச்சை எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பிள்ளைகள் ஓடின. பாத்திர மூடி விழுந்தது. எங்கோ எதுவோ குறைந்துவிட்டது, ஒருவன் ஒருவனைத் திட்டுவது கேட்டது. ஜெயசிங்கின் தோள்கள் தானாக நிமிர்ந்தன. காது மட்டும் மேலே ஏறிப் போயிருந்தது.

மைக் கரகரத்தது. "செயலாளர் ஜெயசிங் அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும்" என்றான் ஜெப்சன். "சாப்பாட்டுக்கு ஜெபிக்க செயலாளர் அவர்களை அன்போடு அழைக்கிறோம்." கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை. கடலுக்கும் கேட்கிற மாதிரி வைத்திருந்தான். அதற்கு மேல், குடிவெள்ள கேன் வண்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேட்டான். சாவி ஜெயசிங்கின் பையில் இருந்தது. தொடையில் குத்தியது.

"போவணும்னா போங்க" என்றாள் ரெஜிலா. கேலியில்லை. நிஜமாகவே சொன்னாள்.

அவர் பையிலிருந்து சாவியை எடுத்தார். எடுத்து, கையில் வைத்துப் பார்த்தார். பிறகு அதைத் துண்டின் மேல், இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார். மேலே மைக் மூன்றாவது தடவை அழைக்கத் தொடங்கியது. யாரோ ஜெப்சனிடம் ஏதோ சொல்வது போலக் கேட்டது. பாதிப் பெயரோடு மைக் நின்றது. போதகரின் குரல் சாப்பாட்டுக்கு ஜெபித்தது. சின்ன ஜெபம். ஆமென் என்று கூட்டமே சொன்னது.

வெயில் பாறையில் ஏறியது. முதுகு வேர்த்தது. மனசுக்குள் இலை, வெள்ளம், நன்றியுரை, திங்கட்கிழமை எல்லாம் முன்போலவே சுற்றிச் சுற்றி வந்தன, ஒன்றும் அடங்கவில்லை. அவர் அடக்கவும் முயலவில்லை. அடிப்பு அடித்துக்கொண்டே இருந்தது. அதோடேயே இருந்தார். ரெஜிலா ஒரு கையைப் பாறையில் ஊன்றிக் கொஞ்சம் சாய்ந்தாள். அவள் தோள் அவர் தோளில் பட்டது.

மடக்கி வைத்திருந்த வலது கால் மரத்துப்போய்விட்டது. பாதத்திலிருந்து எறும்பு ஊர்வது மாதிரி ஏறி முட்டுவரை வந்தது. கொஞ்சம் நீட்டினால் போதும், சரியாகிவிடும். நீட்டினால் அவள் தோள் விலகும்.

அவர் நீட்டவில்லை.